ரூபாயை ஆராய்ந்த மாணவர்

கலாநிதிப் பட்டத்துக்கான ஆராய்ச்சி என்றதும், நூல்நிலையத்தின் மூலையிலே தூசி படிந்து கிடக்கும் தடித்த ஏடுகளே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். மக்கள் வாழ்வுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் தவறென்பதற்கு அம்பேத்காரின் மாணவப் பருவமே தக்க சான்றாகும்.

தீண்டத்தகாதோரென ஒதுக்கப்பட்ட குலத்திற் பிறந்த அவர், பரோடா மன்னரின் உதவிப்பணம் பெற்று 1913ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையை அடைந்தார். அங்கே பொருளியலோடு, பேராசிரியர் ஜோன் டூயியிடம் அறவியலும் கற்றார். 1916இல் இலண்டன் சென்று பொருளியற் கல்லூரியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். மறு ஆண்டே உதவிப்பணம் முடிவடைந்தமையால், படிப்பை இடைநிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. பம்பாயில் ஆசிரியராகப் பணிபுரிந்து பொருள் தேடி, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

அங்கு அவர் 1923இல் பட்டம் பெற்ற ஆராய்ச்சி, ரூபாயைப் பற்றியது. 1893 வரை இந்திய நாணயச்சாலைகள், வெள்ளி கொண்டு வருவோர்க்கெல்லாம் அதனை ரூபாயாக அடித்துக் கொடுத்தன. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழவே, ரூபாயின் மதிப்பும் வீழ்ந்தது. அதனால் ஏற்றுமதி பெருகி நாடு இலாபமடைந்தது என்றனர் சிலர். அவ்விலாபம் எவரிடமிருந்து வந்தது என்று வினவினார் அம்பேத்கார். விலைவாசி ஏறிய வேகத்திற் கூலி ஏறவில்லை. ஆகவே முதலாளி பெற்றது, தொழிலாளி இழந்ததேயன்றி நாட்டின் ஆதாயம் அன்று என்று அவர் காட்டினார். ரூபாயை வெளியிடும் அதிகாரம் ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விடப்படலாகாது, அதற்கு உறுதியான வரம்பு வேண்டும் என்றும் வாதித்தார். கணக்கிலே தொடங்கிய ஆராய்ச்சி, அறத்தையும் சட்டத்தையும் தொட்டு நின்றது.

ஆய்வு நூலாக வெளிவந்தபோது முன்னுரை வழங்கிய பேராசிரியர் எட்வின் கானன், மாணவரின் வாதங்களிற் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று அதிலேயே எழுதினார். எனினும் அவர்தம் புதிய சிந்தனையைப் பாராட்டினார். கருத்து வேற்றுமையைக் குற்றமாகக் கொள்ளாத ஆசிரியரும், தம் கொள்கையைக் கைவிடாத மாணவரும் நம் பாராட்டுக்கு உரியவர்கள்.

அம்மாணவரே பின்னர் இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். வாக்கிலே சமத்துவம் தந்து வாழ்விலே அதனை மறுத்தால் ஜனநாயகம் நிலைக்காது என்று, 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலே அவர் எச்சரித்தார். இலாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்று இளமையில் எழுப்பிய வினாவின் எதிரொலியை அவ்வெச்சரிக்கையிலும் நாம் கேட்கிறோம். பொருளியல் பயிலும் நம் மாணவரும் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் அவ்வினாவை எழுப்புவாராக!