வீட்டுத் தோட்டத்திற் குறுந்தக்காளி

கிழக்கே கடலும் மேற்கே வயலும் எல்லையாக, இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரையே கல்முனைப் பகுதி. நீலாவணை தொடங்கி நிந்தவூர் வரை வீட்டோடு வீடு நெருங்கியிருக்கும் இந்நிலத்தில், முன்னாளில் ஒரு வளவென்றால் தென்னை பத்தும் கிணறு ஒன்றும், வீட்டுப் பெண்களின் கைபட்ட கத்தரி, மிளகாய்ப் பாத்திகளும் அதனுள் அடங்கும். பெண்மக்களுக்குச் சீதனமாகப் பங்கிட்டுப் பங்கிட்டு அவ்வளவுகள் குறுகின. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் வந்த கடற்கோள் கரையோரத்தாரை உட்புறம் ஒதுக்கியது. கிணறுகள் பல உவர்பட்டன. மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இன்று எம்மவரிற் பலருக்கு வளவு என்பது கிணற்றடியும் வேலியோரமும் நாலைந்து சாடிகளுமே.

இச்சிறு நிலத்தின் அருமையை 2022ஆம் ஆண்டு நன்கு உணர்த்திற்று. முந்திய ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டதும், அதனைத் தொடர்ந்து வந்த பொருளாதார நெருக்கடியும் மரக்கறி விலையை ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் ஏற்றிவிட்டன. அவ்வாண்டு யூன் மாதத்தில் அரசாங்கம் தன் ஊழியருக்கு மூன்று மாத காலத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டுத் தோட்டம் செய்யத் தூண்டியது. எம் அயலிலும் தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றிப் பலர் தக்காளி நட்டனர். சொதிக்கும் ஆணத்திற்கும் நாடோறும் வேண்டப்படுவதன்றோ? ஆயினும் நட்டவருட் பலர் கண்டது இலையேயன்றிக் கனியன்று. செடி ஆளுயரம் வளர்ந்தது, பூத்தது, பூ உதிர்ந்தது, காற்றிலே சாய்ந்தது. மண்ணையும் தண்ணீரையும் நொந்தவரே மிகுதி. குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருந்தது. விதைப் பையிலுள்ள கனியின் படத்தைப் பார்த்தார்களேயொழிய, அச்செடியின் வளரும் இயல்பை எவரும் கேட்டிலர். நட்ட காலமோ கச்சான் வீசும் காலம்.

தக்காளியின் இயல்பைக் கூறுமுன் அதன் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழாசிரியரைத் தோட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இத்தொல்லை உண்டு, அன்பர்கள் பொறுப்பாராக. தக்காளி என்ற பெயர் நம் நாட்டிலே தானாக முளைக்கும் சிறு செடிகளுக்கு உரியதாயிருந்தது. உறைக்குள் மறைந்திருக்கும் சிறு கனியையுடைய செடியும், கரிய மணிபோலக் காய்க்கும் மணத்தக்காளியும் அவ்வகையின. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பெருங்கனி வந்தபோது அதனைச் சீமைத்தக்காளி என்றனர். நாளடைவில் அடைமொழி உதிர்ந்தது. வியப்பு யாதெனில், தக்காளியை முதலிற் பேணி வளர்த்த மெக்சிக்கோவின் பழங்குடிகள் மொழியிலும் ‘தொமாத்ல்’ என்ற சொல் உறைக்குள்ளிருக்கும் அவ்வகைக் கனியையும் குறித்தது என்பர். ஆகவே குறுஞ்செடியும் சிறுகனியும் தக்காளி என்ற பெயருக்குப் புதியன அல்ல.

இனி, குட்டைத் தக்காளி என்று கடைகளில் வழங்குவது ஒரு பொருளன்று, மூன்று.

முதலாவது, தானே வளர்ச்சியை முடித்துக்கொள்ளும் செடி. நெட்டைத் தக்காளியில் ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையே பெரும்பாலும் மூன்று இலைகள் வரும். நுனி ஓயாது நீளும். இவ்வகையிலோ கொத்துகளுக்கு இடையிலுள்ள இலைகள் ஒன்றிரண்டாகக் குறைந்து, ஈற்றில் நுனியே பூங்கொத்தாகி நின்றுவிடும். கொம்பு ஒவ்வொன்றும் அவ்வாறே முடிதலாற் செடி புதர்போல் அமையும். இரண்டு மூன்று அடிக்கு மேற் செல்லாது. 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு பிறழ்வே இதற்கு மூலம். காய்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் முற்றுவதால், 1960களிற் கலிபோர்னியாவில் இயந்திரத்தாற் பறிக்கும் முறை வேரூன்றுவதற்கும் இவ்வகையே துணைசெய்தது. தமிழ்நாட்டிற் பெயர்பெற்ற பெரியகுளம்-1 இவ்வகையினது. நாட்டினம் ஒன்றிலிருந்து பிறழ்வு முறையாற் பெறப்பட்டது. கோயம்புத்தூரின் கோ-3, மருதம் என்ற அழகிய பெயரையுடையது, கோ-1 இன் பிறழ்வு, நெருக்கி நடத்தக்கது. தில்லியிலிருந்து வந்த ‘பூசா ஏளி டுவாவ்’ என்பதும் இக்கூட்டத்ததே.

இரண்டாவது, உண்மைக் குள்ளன். தண்டு பருத்து, கணுவிடை குறுகி, இலை கருமை கலந்த பச்சையாய்ச் சுருங்கித் தடித்திருக்கும். நாற்றுப் பருவத்திலேயே கண்டறியலாம். நுனி முடிவதில்லை, மெல்லமெல்ல வளர்ந்துகொண்டே பல மாதம் காய்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சில் இத்தகைய விறைத்த தண்டுச் செடி அறியப்பட்டிருந்தது. ஆயினும் நல்ல சுவையும் நிறமும் உள்ள குள்ளர் மிகச் சிலரே. அக்குறையை நீக்க, 2005ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் கிரெயிக் லெகூலியர் என்பாரும் அவுஸ்திரேலியாவிற் பட்ரினா நஸ்கி சுமோல் என்னும் அம்மையாரும் வீட்டுத் தோட்டக்காரர் பலரை ஒன்றுகூட்டி ஒரு முயற்சி தொடங்கினர். நெட்டையுங் குட்டையுங் கலந்தால் முதற் தலைமுறை முழுதும் நெட்டை. அதன் விதையில் நாலில் ஒரு பங்கு குட்டை. மெண்டலின் பட்டாணியைப் படித்த மாணவருக்கு இது புதிதன்று. ஒரு நாட்டிற் கோடையாயிருக்கும்போது மற்றதிற் குளிராதலின், விதையைக் கடல்கடந்து அனுப்பி ஆண்டுக்கு இரு தலைமுறை எடுத்தனர். நூற்றுக்கு மேற்பட்ட புதிய குள்ளவினங்கள், எவரும் விதை பிடித்து வளர்க்கும் உரிமையோடு, இவ்வாறு வெளிவந்தன. ஆய்வுகூடமின்றி அடுக்களைப் பின்புறத்தில் நிகழ்ந்த இவ்வேலையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

மூன்றாவது, சாடிக் குறளன். 1945இல் அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் பல்கலைக்கழகம் தந்த ‘ரைனி ரிம்’, 1989இல் புளோரிடாப் பல்கலைக்கழகம் தந்த ‘மைக்ரோ ரொம்’ ஆகியன இவை. பின்னையது ஒரு சாண் உயரமே வளரும். அழகுக்காக ஆக்கப்பட்டது, இன்று ஆய்வுகூடங்களில் மிகப் பயன்படுவது. மாடிக் குடியிருப்பிற் சன்னலோரம் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட ஏற்றதேயன்றிக் கறிக்குப் போதாது.

இம்மூன்றில் எம்மூருக்கு எது பொருந்தும்? காலநிலையே விடை தருகிறது. இரவின் வெப்பம் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்கு மேலும், பகலில் 34 பாகைக்கு மேலும் தொடர்ந்து நிற்குமாயின், மகரந்தம் வலுவிழந்து தக்காளிப் பூ காய் பிடியாது உதிரும். எம் கரையில் வைகாசி முதல் ஆவணி வரை அந்நிலையே. மேற்கிலிருந்து வரும் கச்சானின் வறட்சியும் உடன் சேரும். டிசெம்பர் இறுதி முதல் மார்ச் முற்பகுதி வரையுள்ள இரவுகளே சற்றுக் குளிர்ந்தவை. நெட்டைச் செடி மாதக்கணக்காகப் பூப்பது. அதன் பூக்களிற் பெரும்பங்கு வெப்பத்தில் அகப்படும். வளர்ச்சியைத் தானே முடிக்கும் புதர்ச்செடியோ அக்குறுகிய காலத்துள் பூத்துக் காய்த்துத் தன் கடமையை முடித்துவிடும். ஆதலால் நிலத்தில் நடுவதற்கு முதல் வகையே கல்முனைக்கு உரியது என்பது எம் துணிபு. உண்மைக் குள்ளன் காற்றுக்கு அசையாதாயினும், காலந்தாழ்த்திக் காய்ப்பதால் நிழலும் நீரும் உள்ள கிணற்றடியில் இரண்டொன்று வைக்கத்தக்கது.

விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின, ரி-245, கே.சி.1 முதலியன விதைக்கடைகளிற் பேசப்படுவன. வாங்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் இரண்டு வினாக்களை வினவுக: இது வளர்ச்சி முடியும் இனமா? பற்றீரிய வாடலைத் தாங்குமா? கனியின் பருமனைப் பின்னர் கேட்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர், ஊர்ப்பற்றினால் அழகிய விதைப் பைகளை அஞ்சலில் அனுப்புவதுண்டு. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெளிநாட்டு விதைக்கு அனுமதி வேண்டும். விதையோடு நோயும் வருமாதலின் அன்பை வேறு வழியிற் காட்டுவாராக.

நடுகைக்கு வருவோம். நவம்பர் பிற்பகுதியில், பெருமழை நேரே விழாதபடி தாழ்வாரத்தின்கீழ்த் தட்டில் விதை இடுக. நாலு வாரத்தில் நாற்று ஒரு சாண் வளரும். டிசெம்பர் இறுதியில் உயர்த்திய பாத்தியில் நடுக. புதர்வகைக்குச் செடிக்குச் செடி ஒரு முழம், வரிசைக்கு வரிசை இரண்டரை அடி போதும். சனவரி இறுதியிற் பூக்கும். பெப்ரவரி கடைசி தொடங்கி ஒரு மாதம் பறிக்கலாம். எல்லாம் ஒருங்கே பழுப்பது இயந்திரத்திற்கு நன்மை. வீட்டுக்கு அத்துணை நன்மையன்று. ஆகவே விதையை இரண்டாகப் பிரித்துப் பதினைந்து நாள் இடைவிட்டு இடுதல் அறிவுடைமை.

எம் மணல் நீரையும் உரத்தையும் தாங்காது. குழிக்கு ஒரு கூடை மக்கிய மாட்டெருவும், கிடைத்தால் வயல்மண் இரண்டு கையளவும் கலந்து, நட்டபின் சருகு பரப்புக. ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் இல்லாமலும் நீர் விடுவோர் தோட்டத்தில் காயின் அடிப்புறம் கறுத்து அழுகும். இது பூச்சியுமன்று, நாவூறுமன்று. நீரோடு செல்ல வேண்டிய சுண்ணாம்புச் சத்து காயைச் சென்றடையாமையே. காலையில் அளவாக நாடோறும் விடுவதே மருந்து. கிணற்று நீர் நாவிற் கரிக்குமானால் சாடியில் மழைநீர் கொண்டே வளர்த்தல் நன்று. தக்காளி உப்பை ஓரளவே பொறுக்கும். சாடியாயின் உண்மைக் குள்ளனுக்கு ஒரு பெரிய வாளி, குறளனுக்கு ஆறங்குலச் சட்டி. அடியில் துளை இருத்தல் வேண்டும்.

பக்கக் கொம்புகளைக் கிள்ளுக என்று புத்தகங்கள் கூறும். அது நெட்டைக்கு உரிய விதி. வளர்ச்சி முடியும் செடியில் ஒவ்வொரு கொம்பும் ஒரு கொத்துக் காயாதலின், கிள்ளுகிறவர் தம் விளைவையே கிள்ளுகிறார். மண்ணைத் தொடும் அடியிலைகளை மாத்திரம் நீக்குக. புதருக்கும் காய்ப்பாரம் உண்டு. கதியால் துண்டொன்றை நாட்டிக் கட்டிவிடுக.

நோய்களுள் அஞ்சத்தக்கது பற்றீரிய வாடல். பச்சையாயிருந்த செடி மஞ்சளாகாமலே இரண்டொரு நாளிற் சோர்ந்து விழும். அதன் தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி படும்படி பிடித்தால், சிறிது நேரத்திற் பால்போன்ற இழை கீழ்நோக்கி இறங்கும். மாணவர் தாமே செய்து பார்க்கலாம். அச்செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துவதன்றி மருந்தில்லை. கத்தரி, மிளகாய் நின்ற பாத்தியில் அடுத்துத் தக்காளி வையாதிருத்தலே காவல். இம்மூன்றும் ஒரே குடும்பம், நோயும் பொது. மற்றொன்று இலைச்சுருள். அதனைப் பரப்பும் வெள்ளை ஈயை நாற்றிலேயே மெல்லிய துணி மூடித் தடுப்பது எளிது. சுருட்டுப் பிடிப்போர் செடியைத் தொடுமுன் கை கழுவுக. புகையிலையின் தேமல் நோய் கையோடு வரும்.

இறுதியாக விதை. கலப்பின விதை அடுத்த தலைமுறையில் உருமாறும். ஏனையவற்றில் தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் குட்டை குட்டையாகவே முளைக்கும். நோயற்ற செடியில் நன்கு பழுத்த கனியைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்திப் போத்தலில் அடைத்துப் பெயரும் ஆண்டும் எழுதி வைக்க. நாலு வருடம் முளைக்கும். கல்லூரி ஆய்வுகூடத்திலே ஓர் அலுமாரித் தட்டை இதற்கென ஒதுக்கினால், நவம்பரில் ஒவ்வொரு மாணவனும் பத்து விதை எடுத்துச் சென்று, மார்ச்சில் இருபது விதை திருப்பித் தரலாம்.