அலையாத்தி வேரில் எண்ணெய்

மதுரையில் இருப்பவர்களுக்கு எண்ணெய்க் கசிவு என்றால் கடலில் கப்பல் மோதுவதுதான் நினைவுக்கு வரும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே நடந்தது அதுதான். ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, அதே எண்ணூரைக் கறுப்பாக்கிய எண்ணெய் நிலத்திலிருந்து வந்தது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் முழுவதும் பரவியது. மீனவர்கள் வாளியும் குவளையுமாகப் படகில் நின்று அள்ளினார்கள்.

அள்ளியதைப் பீப்பாய்க் கணக்கில் சொல்லிவிடலாம். கரையோர அலையாத்தி மரங்களுக்கு நேர்ந்தது அந்தக் கணக்கில் வராது. காற்றுப் புகாத சேற்றில் நிற்கும் இந்த மரங்கள், மேலே நீட்டிய மூச்சுவேர்களின் நுண்துளைகள் வழியாகத்தான் காற்று வாங்குகின்றன. எண்ணெய் படிந்தால் துளை அடைபடும், இலை மஞ்சளித்து உதிரும். மரம் சாக மாதங்கள் ஆகலாம். அதற்குள் செய்தி பழசாகிவிடும். எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்றுவிடாதா என்று கேட்கலாம். திறந்த கடலில் ஓரளவு தின்னும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும்; நண்டு வளை வழியாக எண்ணெய் இறங்கும் சேற்றின் ஆழத்தில் அது கிடையாது. பனாமாவில் 1986-ல் சுத்திகரிப்பு ஆலையின் தொட்டி உடைந்து அலையாத்திக் காட்டில் புகுந்த எண்ணெய், ஆண்டுகள் கழித்தும் சேற்றிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. செத்த மரத்துக்குப் பதில் கன்று நடலாம் என்பது அடுத்த யோசனை. நடுவதற்கும் அதே சேறுதானே! ஆட்களை இறக்கிச் சுத்தம் செய்தாலோ, காலடியிலேயே எண்ணெய் இன்னும் ஆழமாக மிதிபடும். ஆகவே காட்டுக்குள் நுழையுமுன், ஆலையின் மழைநீர் வடிகாலிலேயே மறிப்பதுதான் உருப்படியான வைத்தியம்.

நம் மதுரை வழியாக ஓடும் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடுகிறது, பெருவெள்ளத்தில்தான் கடலைத் தொடுகிறது. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாதிடலாம். எண்ணூரிலும் எண்ணெயை இழுத்துப்போனது வெள்ளம்தான். மெக்கானிக் ஷெட்டில் வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால், அது ஓடைச் சேற்றில் கிடந்து அடுத்த வெள்ளத்தில் கிளம்பும். அளவில் மணலியோடு ஒப்பிட முடியாதுதான்; ஆனால் ஆலையின் வாசலுக்குப் போய்க் கேள்வி கேட்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உண்டு, ஷெட்டுக்கு யார் போகிறார்கள்? பழைய ஆயிலை 2016-ஆம் ஆண்டு விதிகள் அபாயக் கழிவாக வகைப்படுத்தி, உரிமம் பெற்றவரிடமே கொடுக்கச் சொல்கின்றன. தெருவோர ஷெட்டில் பத்து லிட்டர் சேர்ந்ததும் வாங்கிப்போக ஒரு வண்டி வராதவரை அந்த விதி காகிதத்தில்தான் இருக்கும்.