ஆள்மாறாட்டம்: சொல்லும் சட்டமும்

தம்மை வேறொருவராகக் காட்டிக்கொள்வதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. ஆனால் அவை ஒரே பொருளைத் தருவதில்லை.

கூத்துக் கலைஞர் அரசனாகத் தோன்றுவது வேடம். அவர் அரசன் அல்லர் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். அடையாளம் தெரியாதபடி தோற்றத்தை மாற்றிக்கொள்வது மாறுவேடம். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவது பாசாங்கு. உரிய பட்டமின்றிச் சிகிச்சை அளிப்பவர் போலி மருத்துவர். இன்னொருவருக்குரிய இடத்தில் அவராகவே புகுவதுதான் ஆள்மாறாட்டம்.

இந்தியச் சட்டத்தின் பார்வை இதைவிட விரிவானது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும், கற்பனையான ஒருவராக நடித்து ஏமாற்றுவதையும் ஆள்மாறாட்ட மோசடியாகவே கருதுகின்றன. இதற்கான அதிகபட்சச் சிறைத்தண்டனை 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டுள்ளது.

2019இல் தமிழ்நாட்டில், மாணவர்களுக்காக வேறு நபர்கள் நீட் தேர்வு எழுதியதாக எழுந்த புகார்கள் இச்சொல்லைத் தலைப்புச் செய்தியாக்கின. அங்கு பறிபோவது தகுதியான ஒரு மாணவரின் மருத்துவக் கல்லூரி இடம்.

வாக்குச்சாவடியில் பறிபோவது வாக்குரிமை. தமது பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டதை அறியும் வாக்காளர், தாம் யார் என்பதை உறுதிப்படுத்திய பின்னர் வாக்குச்சீட்டில் வாக்களிக்கத் தேர்தல் விதிகள் இடமளிக்கின்றன. எனினும் அந்தச் சீட்டு தனி உறையில் வைக்கப்படுமே தவிர, வழக்கமான வாக்கு எண்ணிக்கையில் சேர்க்கப்படுவதில்லை.