ராலஹைன்: ஓர் ஐரிஷ் சிற்றூரின் கூட்டுப் பண்ணை

அயர்லாந்து தேசத்தில் நிலப் பிரிவுகளுள் மிகச் சிறியது 'டவுன்லாண்டு' எனப்படுவது. பெயரில் பட்டணம் தொனித்தாலும், அது சில வீடுகளும் வயல்களும் கொண்ட உட்கடைக் கிராமமே. அத்தகைய பிரிவுகள் அந்நாட்டில் 60,000-க்கும் அதிகம். அவற்றுள் ஒன்றான ராலஹைனைப் பற்றிக் கூட்டுறவாளர் அறிந்திருத்தல் நலம்.

ஷானன் நதியின் கழிமுகத்துக்கு வடக்கே, கிளேர் ஜில்லாவில், நியூமார்க்கெட்-ஆன்-பெர்கஸ் என்னும் ஊரருகே அது உள்ளது. மக்னமாரா குலத்தாரின் பழைய கோட்டையொன்று அங்கே நிற்கிறது. சுற்றிலும் விளைநிலம், மேய்ச்சல் தரை, சதுப்பு. சதுப்பு மண்ணைக் கட்டிகளாக வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பது அந்நாட்டு வழக்கம்.

1831-இல் இப்பிரதேசம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. உழ நிலமின்றி வாடிய ஏழைகள், 'டெரி ஆல்ட்' என்னும் இரகசியக் கூட்டத்தாராய்த் திரண்டு, மேய்ச்சல் தரைகளை இரவோடிரவாகக் கொத்திப் புரட்டினர். ராலஹைன் பண்ணையின் காரியஸ்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். நிலச்சுவான்தாரான ஜான் ஸ்காட் வாண்டலர், ராபர்ட் ஓவனின் கொள்கைகளில் ஈடுபாடுள்ளவர். மான்செஸ்டரிலிருந்து எட்வர்ட் தாமஸ் கிரேக் என்பவரை வரவழைத்தார். ஆங்கிலேயர் என்பதால் குடியானவர்கள் அவரை முதலில் நம்பவில்லை. நம்பிக்கை பிறந்தது, கட்டுப்பாட்டைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் கண்ட பிறகுதான்.

1831 நவம்பரில் சங்கம் தோன்றியது. 618 ஏக்கர் நிலம் அதற்குக் குத்தகை. நிலவாடகை 700 பவுன். கால்நடை, கருவிகள் முதலிய முதலுக்கு வட்டி 200 பவுன். இதனை விளைபொருளாகவே செலுத்துவது ஏற்பாடு. அங்கத்தினர் தேர்ந்தெடுத்த ஒன்பதுபேர் கமிட்டி, மாலைதோறும் கூடி மறுநாள் வேலையைப் பங்கிட்டது. காரியஸ்தரின் சாட்டையும் வசவும் ஒழிந்தன. ஆணுக்கு நாளொன்றுக்கு எட்டுப் பென்ஸ், பெண்ணுக்கு ஐந்து பென்ஸ் கூலி. பணமாக அன்று, உழைப்புச் சீட்டாக. சீட்டைச் சங்கப் பண்டகசாலையில் கொடுத்துப் பண்டம் பெறலாம். மதுவும் சூதாட்டமும் விலக்கு. குழந்தைகளுக்குப் பள்ளி நடந்தது. ஆட்களின் கூலியைப் பறிக்குமென்று பிற இடங்களில் அஞ்சப்பட்ட அறுவடை இயந்திரத்தை, ராலஹைனில் அங்கத்தினர் விரும்பி வரவேற்றனர். மிச்சமாகும் உழைப்பு தம்முடையதன்றோ!

வேளாண்மை தழைத்தது; கலகமும் அண்டவில்லை. எனினும் 1833-இல் சங்கம் முடிந்தது. குறை வயலிலன்று, டப்ளினில். சூதாடுவது சங்கத்தாருக்குத்தான் தடை; நிலச்சுவான்தாருக்கு யார் தடை விதிப்பது? வாண்டலர் சூதில் ஆஸ்தியை இழந்து தேசத்தை விட்டே ஓடினார். கடன்காரர்கள் பண்ணையைக் கைப்பற்றினர். சங்கத்துடன் செய்த ஒப்பந்தத்தை அவர்கள் மதிக்கவில்லை; அங்கத்தினரைச் சாதாரணக் கூலியாட்களாகவே பாவித்தனர். சங்கம் என்ற அமைப்பை அக்காலச் சட்டம் அறியாது. இரண்டாண்டு உழைப்பால் நிலத்தில் ஏற்றிய மதிப்புக்கு ஒரு காசும் கிட்டவில்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சட்ட அந்தஸ்து அளித்த பிரிட்டிஷ் சட்டம் வந்தது 1852-இல்தான்.

அங்கத்தினர் கையில் எஞ்சியிருந்த உழைப்புச் சீட்டுகளுக்கு அப்போது மதிப்பே இல்லை. கிரேக் தம் சொந்தப் பொறுப்பில் பணம் திரட்டி, அவற்றை முழு மதிப்புக்கு மீட்டுக் கொடுத்த பிறகே ஊரை விட்டார். ராலஹைன் வரலாற்றை அவர் நூலாக வெளியிட்டது 1882-இல்.