ஏஞ்சல் மீன்: முட்டை ஏன் வெளுக்கிறது?

வீட்டுத் தொட்டியில் ஏஞ்சல் மீன் வளர்ப்பவர்கள் பலர் சொல்லும் குறை இது. ஜோடி சேர்ந்தது, முட்டையும் வைத்தது. மறுநாள் பார்த்தால் எல்லாம் பால்போல வெளுத்துக் கிடக்கிறது. உடனே பூஞ்சண மருந்தை ஊற்றுகிறார்கள். கரு கூடாத முட்டைதான் முதலில் வெளுக்கும். பூஞ்சணம் அதன்மேல் பிறகு படர்வது. எனவே மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: ஜோடி, தண்ணீர்.

ஏஞ்சலில் ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தில் பிரித்தறிவது கடினம். முட்டையிடும் சமயத்தில் மட்டும் வயிற்றடியில் சிறு குழல் நீட்டும். ஆணுக்கு அது மெலிந்து கூராகவும், பெண்ணுக்குத் தடித்து மழுங்கியும் இருக்கும். ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண் மீன்கள் ஜோடி போலவே பழகி, இலையைச் சுத்தம் செய்து, முட்டையும் வைக்கும். அத்தனையும் வெளுத்துப்போகும். இரண்டு பெரிய மீனைப் பிடித்துக் கொடுத்து 'ஜோடி' என்று விற்றால் நம்ப வேண்டாம். ஆறு முதல் எட்டுக் குஞ்சுகளை வாங்கி ஒன்றாக வளர்ப்பதே நல்லது. ஏறக்குறைய எட்டுப் பத்து மாதத்தில் அவையே ஜோடி சேர்ந்து, தொட்டியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அந்த இரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றலாம். உயரமான மீன் என்பதால் தண்ணீர் ஒன்றரை அடி உயரமாவது நிற்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஏஞ்சலின் பூர்விகம் அமேசான் ஆற்றுப் படுகை; அங்கே தண்ணீர் மிக மென்மையானது. நம் போர் தண்ணீரோ பல ஊர்களில் கடினமானது. பெரிய மீன்கள் அதில் பழகிவிடும், முட்டை பழகாது. மொட்டைமாடியில் பிடித்த மழைநீரையோ, வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல தண்ணீரையோ (கழிவுநீரை அல்ல) சிறிது சிறிதாகக் கலந்து கடினத்தைக் குறைக்கலாம். கார அமிலநிலை 6.5 முதல் 7, வெப்பம் 27, 28 டிகிரி இருந்தால் போதும்.

முட்டையிட ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டையோ பள்ளிக்கூட சிலேட்டையோ சாய்த்து வைக்கலாம். புது ஜோடி முதல் சில ஈடுகளைத் தின்றுவிடுவது சகஜம். அதற்காக ஜோடியைப் பிரிக்க வேண்டாம். சிலேட்டோடு முட்டையை எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சிறு தொட்டியில் வைத்து, பக்கத்தில் காற்றுக்குமிழ் ஓடவிட்டு, வெளிர்நீலம் தெரியும் அளவு மெத்திலீன் ப்ளூ விட்டால் போதும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். அதன்பின் நான்கைந்து நாள் குஞ்சுகள் ஒட்டியபடி துடித்துக்கொண்டிருக்கும். மஞ்சள் கரு வயிற்றிலேயே இருப்பதால் அப்போது தீனி போடக்கூடாது.

நீந்தத் தொடங்கும் நாள்தான் கண்டம். அன்றே உயிருள்ள தீனி கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் மொத்த ஈடும் போய்விடும். கோழிமுட்டை மஞ்சள்கருவைக் கரைத்து விடுவார்கள். அது தண்ணீரைக் கெடுப்பதே மிச்சம். ஏற்றது அப்போது பொரித்த ஆர்ட்டீமியா. லிட்டருக்கு 25 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு, பலமான காற்று, வெளிச்சம் இருந்தால் ஒரு நாளில் பொரித்துவிடும். ஆகவே முதல் நாளே ஊறப்போட வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, தினம் மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வடிகட்ட ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும். மற்றவை குஞ்சுகளை உறிஞ்சிவிடும்.

ஓர் ஈட்டில் இருநூறு, முன்னூறு குஞ்சுகள் தேறினால் ஒரே தொட்டி தாங்காது. நெருக்கத்தில் வளர்ந்தவை துடுப்பு குட்டையாகி விலைபோகாது. சென்னைக் கொளத்தூர் போல வண்ணமீன் தொழில் நடக்கும் இடத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு விற்பனை எளிது. மற்றவர்கள் உள்ளூர்க் கடையில் எத்தனை எடுப்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. முட்டையை எடுத்துவிட்டால் அதே ஜோடி பத்துப் பதினைந்து நாளில் மறுபடி வைத்துவிடும். குஞ்சுகளுக்கு இடமில்லையென்றால், அந்த ஈட்டைத் தாய்மீன்களிடமே விட்டுவிடலாம்.