கிரேயா (நிகழ்பட ஆட்டக் கதைமாந்தர்)

கிரேயா என்பவர் 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2 – தி சித் லார்ட்ஸ்' என்னும் நிகழ்பட ஆட்டத்தில் ஆட்டக்காரருடன் பயணம் செய்யும் கதைமாந்தர் ஆவார். அப்சிடியன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் உருவாக்கிய இவ்வாட்டத்தை லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் 2004 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கும், 2005 பிப்ரவரியில் கணினிக்கும் வெளியிட்டது. ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் கிரிஸ் அவலோன் இப்பாத்திரத்தை எழுதினார். குரல் கொடுத்தவர் பிரித்தானிய நடிகை சாரா கெஸ்டல்மன். நல்லவர் என்றோ தீயவர் என்றோ எளிதில் வகைப்படுத்த முடியாத இம்மூதாட்டி, நன்கு எழுதப்பட்ட பாத்திரமா அல்லது ஆசிரியரின் கருத்துகளைப் பேசும் வெறும் ஒலிபெருக்கியா என்ற விவாதம் ஆட்டம் வெளிவந்த காலத்திலிருந்தே நடந்து வருகிறது.

கதைப் பின்னணி

ஸ்டார் வார்ஸ் உலகில் 'ஃபோர்ஸ்' எனப்படும் பேராற்றல் எல்லா உயிர்களையும் இணைக்கிறது. அதை நன்மைக்குப் பயன்படுத்துவோர் ஜெடாய். வெறிக்கும் அதிகாரத்துக்கும் பயன்படுத்துவோர் சித். (ஒலி ஒத்திருந்தாலும் தமிழ்ச் சித்தர்களுக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை.) ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரம் 'எக்சைல்', அதாவது நாடு கடத்தப்பட்டவர். ஒரு பெரும்போரின் முடிவில் மாலகோர் 5 என்னும் கோளில் அவர் இட்ட கட்டளையால் இரு தரப்பிலும் எண்ணற்றோர் மடிந்தனர். அந்த அதிர்ச்சியில் ஃபோர்சுடன் அவருக்கிருந்த தொடர்பு அறுந்தது. ஜெடாய் அவையும் அவரை விலக்கி அனுப்பியது.

பெராகஸ் என்னும் சுரங்க நிலையத்தின் பிணவறையில், இறந்தவர் எனக் கிடத்தப்பட்டிருந்த நிலையிலிருந்து எழுந்து கிரேயா அறிமுகமாகிறார். எக்சைலுக்கு ஆசானாகிறார். தமக்கும் எக்சைலுக்கும் ஒரு பிணைப்பு உண்டென்றும், ஒருவர் இறந்தால் மற்றவரும் இறக்கக்கூடும் என்றும் நம்ப வைக்கிறார். முன்பு ஜெடாய் ஆசிரியராக இருந்தவர் என்பதும், பிறகு 'டார்த் டிரேயா' என்னும் பெயரில் சித் தலைவராகித் தம் மாணவர்களாலேயே வீழ்த்தப்பட்டவர் என்பதும் பின்னரே தெரிய வருகின்றன.

பிச்சைக்காரர் காட்சி

விவாதம் எங்கு தொடங்கினாலும் நார் ஷடா என்னும் நிலவில் நடக்கும் ஒரு சிறு காட்சியில்தான் வந்து நிற்கும். ஒருவர் எக்சைலிடம் கொஞ்சம் பணம் கேட்கிறார். கொடுத்தால் கிரேயா கடிந்துகொள்கிறார். அவர் பேசும்போதே, அந்தப் பணத்துக்காகப் பிச்சைக்காரர் தாக்கப்படுவது காட்டப்படுகிறது. மிரட்டி விரட்டினாலும் கிரேயா கடிந்துகொள்கிறார். இம்முறை விரட்டப்பட்டவர் தம் ஆத்திரத்தை வேறொருவர் மேல் காட்டுகிறார்.

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்னும் பழமொழி தமிழ் வாசகருக்கு இங்கு நினைவுக்கு வரலாம். ஆனால் கிரேயா சொல்வது அதுவன்று. பழமொழி, பெறுபவர் தகுதியானவரா என்று பார்க்கச் சொல்கிறது. கிரேயாவோ கொடுத்தபின் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தாயா எனக் கேட்கிறார். உழைக்காமல் கிடைத்த உதவி ஒருவரை வலிமை குன்றச் செய்யும் என்பதும் அவர் கருத்து. பெரும்பாலான ஆட்டங்களில் தருமம் செய்தால் நற்புள்ளி, விரட்டினால் தீய புள்ளி. அத்துடன் கணக்கு முடிந்தது. இந்த ஆட்டத்திலும் அத்தகைய புள்ளிகள் உண்டு. ஆனால் புள்ளி விழுந்த அடுத்த நொடியே அதன் மதிப்பைக் கேள்வி கேட்க ஒருவர் அருகில் நிற்கிறார். இதுவே பாத்திரத்தின் பெரும் பலம் என்பது ஆதரிப்போர் வாதம்.

மறுப்போர் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இரு வழியிலும் தீமையே விளையும்படி கதையை அமைத்தவர் எழுத்தாளர். பிறகு அதே விளைவைச் சான்றாகக் காட்டிக் கிரேயாவை வெல்ல வைப்பது முறையா? ஆட்டக்காரர் எதிர்த்துப் பேசலாம். அவர் மதிப்பில் தாழ்வார், அவ்வளவுதான். பணம் பெற்றவர் நலமாக வாழ்ந்தார் என்று ஒரு முறைகூடக் காட்டப்படுவதில்லை. எந்த விடை எழுதினாலும் தவறு என்று குறிக்கும் ஆசிரியரிடம் மாணவர் கற்பது பாடத்தையன்று. அவருக்குப் பிடித்த விடை எது என்பதையே. ஆட்டக்காரர்களும் அவ்வாறே நடந்துகொண்டனர். கிரேயாவிடம் செல்வாக்குப் பெற்றால் கூடுதல் உரையாடல்கள் திறக்கும் என்பதால், அவர் விரும்பும் பதிலைத் தேடித் தேடிச் சொன்னவர்கள் பலர்.

முரண்பாடு குறையா?

ஃபோர்ஸ் உயிர்களைத் தன் விருப்பத்துக்கு ஆட்டுவிக்கிறது, அதனால் அதை ஒழிக்க வேண்டும் என்பதே கிரேயாவின் மறைமுக நோக்கம். அது இல்லாமலும் ஒருவர் வாழ முடியும் என்பதற்கு எக்சைலே அவருக்குச் சான்று. ஜெடாய், சித் இரண்டையும் மறுக்கும் இக்குரலுக்குப் பின்னால், ஃபோர்ஸ் என்னும் கருத்தைப் பற்றி அவலோனுக்கே இருந்த ஐயங்கள் உள்ளன. 'ஒலிபெருக்கி' என்ற குற்றச்சாட்டு எழுவது இதனால்தான்.

ஆனால் ஒலிபெருக்கிக்கு நடத்தை என்று ஒன்று இராது, கிரேயாவுக்கு உண்டு. பிறரைக் காய்களாக நகர்த்துவதை வெறுப்பவர், உடன்வரும் ஆட்டன் என்பவரின் மனத்துள் புகுந்து, அவருடைய பழைய குற்றத்தை அறிந்து, அதைச் சொல்லிவிடுவேன் என மிரட்டிப் பணிய வைக்கிறார். எக்சைலைத் தண்டிக்க முனையும் ஜெடாய் ஆசான்களை டான்டூயின் கோளில் கொல்கிறார். தாம் வெறுக்கும் ஆற்றலையே பயன்படுத்துவதை அவர் மறைப்பதும் இல்லை. எழுத்தாளர் கிரேயாவை வெறுமனே மெச்சியிருந்தால் இக்காட்சிகளுக்குத் தேவையே இருந்திராது. ஆட்டன் காட்சி எக்சைலின் கண்ணுக்கு மறைவாக நடக்க, ஆட்டக்காரர் மட்டும் அதைக் காண்கிறார். அதன்பின் அவர் சொல்லும் ஒவ்வொரு அறிவுரையும் வேறு விதமாகக் காதில் விழுகிறது. இவ்வகையில் மறுப்போரை விட ஆதரிப்போர் பக்கமே சான்று கூடுதல். எனினும் பிச்சைக்காரர் காட்சியில் தட்டு ஒரு பக்கம் சாய்க்கப்பட்டிருப்பது உண்மையே.

இறுதிப் பகுதி

ஆட்டம் குறுகிய காலத்தில் முடிக்கப்பட்டதால் பல பகுதிகள் நீக்கப்பட்டன. மாலகோரில் நடக்கும் முடிவே அதிகம் பாதிக்கப்பட்டது. நீக்கப்பட்டவற்றுள் கோப்புகளில் எஞ்சியிருந்தவற்றை இரசிகர்கள் பிற்காலத்தில் மீட்டுச் சேர்த்தனர்.

கடைசிச் சண்டையில் கிரேயா இறக்கிறார், எக்சைல் இறப்பதில்லை. உயிரைப் பிணைத்த கயிறு என்று அவர் சொன்னது இவ்வாறு பொய்த்துப் போகிறது. ஆனால் உயிர் பிரியும் முன், தோழர்கள் ஒவ்வொருவரும் கோள்கள் ஒவ்வொன்றும் இனி என்ன ஆகும் என்று எக்சைல் கேட்கக் கேட்க அவர் பதில் சொல்கிறார். அவர்களின் கதையை முடித்துக் காட்டும் வேறு காட்சி ஆட்டத்தில் இல்லை. தொடக்கம் முதல் உண்மையை மறைத்து வந்த ஒருவரின் சொல்லைத்தான் ஆட்டக்காரர் முடிவுரையாக ஏற்க வேண்டியிருக்கிறது.