உங்களுக்குத் தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: சபைக்குள் கேள்வி, வெளியே பதில்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30ஆம் தேதியைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 'மருத்துவமனை தினம்' என்று கொண்டாடுகின்றன. அது ஒரு பழைய சட்டசபை உறுப்பினரின் பிறந்தநாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் 'பெண் டாக்டர்' என்று பலருக்கும் தெரியும். மக்கள் பிரதிநிதியாக அவர் செய்ததை அறிந்தவர்கள் குறைவு. அந்தப் பக்கத்தை இங்கே கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

புதுக்கோட்டைப் பெண்

1886இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இன்று இசை வேளாளர் என்று அழைக்கப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தச் சமூகத்தின் பெண் குழந்தைகள் சிலருக்கு என்ன நேர்ந்தது என்பதை முத்துலட்சுமி வீட்டுக்குள் இருந்தே அறிந்தவர். பின்னாளில் சபையில் அவர் பேசியது ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல.

மன்னர் திறந்த கதவு

மகாராஜா கல்லூரி அப்போது ஆண்களுக்கு மட்டுமே. ஒரு பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி முத்துலட்சுமிதான்.

1907 முதல் 1912 வரை

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907இல் சேர்ந்தார். பதக்கங்களோடு 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றிய முதல் பெண் அவர்.

திருமணத்துக்கு நிபந்தனை

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது மணமகள் வைத்த நிபந்தனை. மணமகன் ஏற்றுக்கொண்டார். சாதி கடந்த இந்தத் திருமணம் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவானது. பிறகு மனைவி பொதுவாழ்வுக்குப் போனபோது சுந்தர ரெட்டி துணைநின்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

ஓட்டு வந்தது, நாற்காலி வரவில்லை

பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் பெண்களுக்கு முதலில் வாக்குரிமை கொடுத்தது சென்னை மாகாணம், 1921இல். அதுவும் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும். பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்ற நிலை 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டு மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப வாக்குகளில் தோற்றார். தேர்தல் வழியாக ஒரு பெண்ணும் சபைக்குள் நுழைய முடியாத நிலையில்தான் இந்திய மாதர் சங்கம் நியமன இடத்துக்கு முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தது.

தயங்கியவர்

லண்டனில் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. அதைக் கடந்துதான் சபைக்குப் போனார். அப்போது வயது 40.

உலகத்தில் முதல்முறை

சென்னை சட்டசபையில் 1927இல் அவர் நுழைந்ததும் உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவர். ஒரு சட்டசபையின் துணைத் தலைவர் பதவியை ஏற்ற பெண்களில் உலகிலேயே முதல்வர் என்றும் அவரைச் சொல்வார்கள்.

டாக்டரின் கண்

சபையில் அவர் எழுப்பிய கோரிக்கைகளில் பலவும் நோயாளிகளைப் பார்த்த கையின் அனுபவத்திலிருந்து வந்தவை. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும், ஏழைப் பெண் பிள்ளைகளின் படிப்புக்குச் சலுகை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதியும், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கிடைக்கப் பாடுபட்டார்.

16ம் 14ம்

பெண்ணின் திருமண வயது குறைந்தது 16, ஆணுக்கு 21 என்று இருக்க வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது. சிறு வயதுப் பிரசவங்களைப் பார்த்த ஒரு டாக்டருக்கு அந்த இரண்டு வருட வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரிந்திருந்தது. நாடு பின்னாளில் 18, 21 என்று, பெண்ணின் வயதில் அவர் கேட்டதையும் தாண்டி, வந்து சேர்ந்தது.

பொட்டுக்கட்டுக்கு எதிராக

கோயிலுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை 1927 நவம்பரில் சபையில் கொண்டுவந்தார். சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு.

மானிய நிலத்தில் ஒரு நுட்பம்

தேவதாசிப் பெண்களுக்குக் கோயில் மானியமாக நிலம் இருந்தது. கோயில் பணி செய்தால்தான் நிலம். பணியை நிறுத்தினால் பிழைப்புக்கு வழி? இந்து அறநிலையச் சட்டத்தில் 1929இல் அவர் முயற்சியால் வந்த திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. கோயில் பணியிலிருந்து பெண்கள் விடுபடலாம், நிலம் அவர்களிடமே இருக்கும். ஒரு பழக்கத்தை ஒழிக்கப் புறப்பட்டவர், அதை நம்பி வாழ்ந்தவர்களின் சோற்றையும் நினைத்துப் பார்த்திருக்கிறார். இன்று சட்டம் எழுதுகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய பாடம் இது.

எதிர்ப்பு எங்கிருந்தெல்லாம்?

மரபைக் காக்க வேண்டும் என்ற அரசியல் தலைவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவர்களில் முக்கியமானவர். தேவதாசிப் பெண்களும் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்கள் அந்தக் குரலில் இருந்தார்கள். எங்கள் கலைக்கும் சொத்துரிமைக்கும் என்ன கதி என்பது அவர்களின் கேள்வி. 1932இல் தேவதாசிகளின் சதிர் ஆட்டத்தைப் பற்றி, அதை ஆதரித்த ஈ. கிருஷ்ண ஐயருக்கும் முத்துலட்சுமிக்கும் பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது. அந்தப் பெண்களின் கலைக்கும் வாழ்வுக்கும் நேர்ந்த இழப்பை ஆய்வாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். சிறுமிகளுக்கு அவர்கள் விருப்பமின்றிப் பொட்டுக்கட்டக் கூடாது என்ற அவருடைய அடிப்படை நியாயம் அதனால் குறையவில்லை.

மூவலூரின் குரல்

சபைக்குள் முத்துலட்சுமி பேசிய அதே காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். அவரும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். மேடையும் சபையும் சேர்ந்து தள்ளியதில்தான் கதவு திறந்தது.

20 ஆண்டுக் காத்திருப்பு

1927இல் தீர்மானம். 1930இல் மசோதா. தேவதாசி முறையைத் தடை செய்யும் சென்னை மாகாணச் சட்டம் நிறைவேறியது 1947இல். அப்போது அவர் சபையில் இல்லை.

பதவியை உதறியவர்

உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது 1930 மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் துறந்தார். சபையில் அவர் இருந்தது நான்கு ஆண்டுகூட இல்லை. அந்த அனுபவத்தை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதி அதே ஆண்டில் வெளியிட்டார். தன் வரலாற்றை எழுதி வெளியிட்டது 1964இல்.

கதவைத் தட்டிய மூன்று சிறுமிகள்

பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த மூன்று சிறுமிகள் ஒருநாள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். சேர்த்துக்கொள்ளும் விடுதி கிடைக்கவில்லை. சொந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு வீடாகவும் பள்ளியாகவும் வளர்ந்து, சென்னை அடையாறில் இன்றும் இயங்குகிறது. தேவதாசி முறையைத் தடை செய்யும் சட்டம் வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. சட்டம் வரட்டும் என்று அந்தச் சிறுமிகளைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

தங்கைக்காக ஓர் ஆஸ்பத்திரி

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய் என்றால் அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் 1935இல் பேசியபோது, புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற தன் ஆசையை வெளிப்படுத்தினார். மாதர் சங்கத்தோடு சேர்ந்து அதற்காக நிதி திரட்டினார்.

12 படுக்கைகள்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்றே அமைந்த முதல் மருத்துவமனை அது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே தங்கிவிட்டார். 1955இல் வந்து சேர்ந்த இளம் டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை அந்த வளாகத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். கையில் பணமில்லாமல் வருகிறவர்களுக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பது அங்கே தொடக்க நாளிலிருந்து இருக்கும் கொள்கை.





விருதும் பொறுப்பும்

சென்னை மாநில சமூக நல வாரியத்தின் முதல் தலைவர் அவர். 1956இல் பத்ம பூஷண் பெற்றார். 1968 ஜூலை 22ஆம் தேதி, 82ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது சென்னையில் காலமானார்.

கர்ப்பிணிகளின் கையில் அவர் பெயர்

ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு 1987 முதல் நடத்திவரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான். இன்று பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா பெயரைப் பதியும்போது ஒவ்வொரு கர்ப்பிணியும் உச்சரிக்கும் பெயர் அது. மருத்துவம் படித்துச் சபைக்குப் போன ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது.

கடைசியாக ஒன்று

அவர் வாழ்க்கையை ஒன்றாக வைத்துப் பாருங்கள். சபையில் சிறுமிகளுக்காகப் பேசினார், வெளியே அவ்வை இல்லம் எழுந்தது. சபையில் ஏழைகளின் மருத்துவத்துக்காகப் பேசினார், வெளியே அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. நான்கு ஆண்டுக்கும் குறைவாகப் பதவியில் இருந்தார், அங்கே எழுப்பிய கேள்விகளுக்கான பதிலை அடுத்த 38 ஆண்டுகள் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை உங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது, சபையில் என்ன கேள்வி கேட்டீர்கள் என்று விசாரியுங்கள். கேட்ட கேள்விக்குத் தொகுதியில் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முத்துலட்சுமி அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுதான்.